அப்பாவின் கையில் ஐந்து கிலோ எடைக்கல்

பிள்ளைகளே, எங்கள் அப்பா வெங்காய மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிற ஆள். அவரைக் கீழே தள்ள ஒரு சொட்டு ரத்தம் போதும் என்பது அன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கும் காலம். எங்கள் களத்தில் பெண்கள் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. அவரை மூட்டைமேல் உட்காரவைத்து, அத்தை தன் ஊக்கால் நெம்பி முள்ளை எடுத்தார். கூடவே ரத்தமும் வந்தது. அப்பா குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது, கண் மேலே சொருகியது, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"அண்ணனுக்கு வலிப்புடி. கைல இரும்பு குடுங்கடி" என்றார் அத்தை.

விழுந்துவிடக் கூடாதென்று நாலைந்து பேர் அப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கையிலிருந்த அரிவாளையே நீட்டினாள். அம்மா அதைத் தட்டிவிட்டார்.

"அறிவிருக்கா ஒனக்கு? வெரலு துண்டாப் போறதுக்கா?"

"அப்ப சாவி குடு."

"சாவி வூட்டுல கெடக்கு."

"சைக்கிள் சாவி?"

"அந்த சைக்கிளுக்கு ஏதுடி பூட்டு?"

அப்பாவுக்கு இழுப்பு நிற்கவில்லை. நான் தராசுப் பக்கம் ஓடினேன். ஐந்து கிலோ எடைக்கல், அசல் இரும்பு. வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து அவர் கையில் வைத்தேன். நிற்காமல் சரிந்தது.

"உக்கார வச்சா கல்லு எப்புடி நிக்கும்? கீழ படுக்கப் போடுங்கடி" என்றார் அத்தை.

படுக்கவைத்தார்கள். உள்ளங்கையை விரித்துக் கல்லை வைத்தேன். சற்றைக்கெல்லாம் இழுப்பு நின்றது. அப்பா கண் திறந்தார்.

"எவன்டா கல்ல வச்சது? கையத் தூக்க முடியல."

களமே சிரித்தது. அம்மா மட்டும் அழுதார். என்னைத் தூக்கி மூட்டைமேல் நிறுத்தினார்கள். "எமனையே எடை போட்டு அனுப்பிட்டான்" என்றார் அத்தை. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ் கண்டக்டரிடமும் நானே அதைச் சொன்னேன்.

அங்கே டாக்டரம்மா அப்பாவை நன்றாகச் சோதித்துப் பார்த்தார். எங்கள் அம்மாவிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"தெனம் கெணத்துல குதிப்பாருங்க. தண்ணிக்குள்ள இழுத்துக்கிச்சுன்னா?"

"இது வலிப்பு இல்லம்மா. ரத்தத்தப் பாத்து வந்த மயக்கம். நிமுத்திப் புடிச்சதாலதான் தலைக்கு ரத்தம் போவாம கைகாலு வெட்டியிருக்கு. படுக்க வச்சதும் தெளிஞ்சிட்டாரு. நெசமாவே வலிப்பு வந்தாலும் இரும்பெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"கல்ல வைக்கத்தாங்க படுக்கவே வச்சோம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப ஒன் கல்லுதான்டா காப்பாத்தியிருக்கு."

பிள்ளைகளே, அவர் சொன்னதில் என் காதில் ஏறியது அந்தக் கடைசி வரி மட்டும்தான். வெகுநாள் வரை நான் இரும்பின் கட்சி.

மறுநாள் அப்பா கிணற்றில் குதித்தார். நான் மேட்டில் நின்று கைதட்டினேன். குளிக்கிற நேரத்தில் அந்தப் பக்கமே வராத அம்மா, அன்றைக்குக் குடம்கூட எடுக்காமல் வந்து என் பக்கத்தில் நின்றார். அப்பாவின் தலை தண்ணீருக்குள் போனதும் அம்மாவின் வாய் இறுக மூடிக்கொண்டது. நெஞ்சு அசையவில்லை. அப்பா மேலே வந்து தலையைச் சிலுப்பிய பிறகுதான் அம்மா மூச்சை விட்டார். மறுபடி அவர் முங்கினார். மறுபடி இவர் மூச்சைப் பிடித்தார்.

இரண்டு பேருக்கும் ஏதோ பந்தயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தண்ணீருக்குள் இருந்தவரைவிடக் கரையில் நின்றவர்தான் ஒவ்வொரு தடவையும் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். அதனால் கிணற்றைப் பார்த்து உரக்கத் தீர்ப்புச் சொன்னேன்:

"அப்பா, அம்மாதான் செயிச்சுச்சு."