ஷேக் வீட்டுத் திண்டு

போன வாரம் மேனேஜர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஆபீஸில் எனக்கு ஃபைல் பார்க்கிற உத்தியோகம்தான். ஆனால் மறுத்துப் பேசத் தெரியாதவனுக்கு எல்லா வேலையும் வரும். பழைய காலத்தில் ஒரு ஷேக் குடியிருந்து, இப்போது காட்சிக்கு விட்டிருக்கும் வீட்டுக்குப் போனோம். வாசலில் கால் வைத்ததும் பக்கூர் என்கிற அரபுச் சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. அவர்கள் ரசித்து மூச்சை இழுத்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசனை வந்தால் கூடவே எனக்குக் கக்கூஸ் நாற்றமும் வரும். இந்த அரபு நாட்டுக்கு வந்த புதிதில், முவைலா லேபர் கேம்பில் நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்த ரூமுக்கு அடுத்தது கக்கூஸ். ரூமிலிருந்த பெங்காலி பாய் எங்கிருந்தோ பக்கூர்த் தூள் கொண்டுவந்து தினமும் புகை போடுவார். நாற்றம் போகாது; அதன்மேல் வாசனை ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஈரத் துண்டு, சாக்ஸ், வறுத்த கருவாடு, சுவரில் நசுக்கிய மூட்டைப்பூச்சியின் காய்ந்த ரத்தம். இத்தனைக்கும் நடுவில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, நல்லா இருக்கேன் என்று ஊருக்குச் சொல்வேன்.

கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை குளித்து, யாருடைய நல்ல சட்டையையாவது மாட்டிக்கொண்டு, யாருடைய காரிலாவது சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவது. கார் நம்முடையது என்று யாரும் சொல்வதில்லை. இல்லை என்றும் சொல்வதில்லை. நான் படித்தவன் அல்லவா, ஒரு படி மேலே போனேன். இதே ஷேக் வீட்டு மஜ்லிஸில், அதுதான் விருந்தினர் கூடம், சிவப்புத் திண்டில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுப் படம் எடுத்தேன். கண்ணில் இரவல் கூலிங்கிளாஸ். இன்றைக்குப் பார்த்தாலும் அந்த மூஞ்சியில் ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றும். இதுதான் நீ தங்குற வீடாடா என்று அக்கா கேட்டாள். ஆமா என்றேன். அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அக்கா புருஷன், மாமா, மினி பஸ்ஸில் கண்டக்டர். எந்தக் காகிதமானாலும் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். மாப்ள படிச்சுப் பாத்திருப்பான்ல, அப்பறம் என்ன என்பார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மனிதர் கண்டக்டர் பையைக் கழற்றி வைத்துவிட்டார். எங்கள் கம்பெனிக்கே விசா எடுத்து, டிக்கெட்டும் வந்த பிறகுதான் எனக்கே சொன்னார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினேனே ஒழிய, சொல்லவில்லை.

ஒரு காலையில் வந்து இறங்கினார். எங்கள் ரூமில் அவருக்குக் கொடுத்திருந்த கட்டிலைக் காட்டினேன். தலையாட்டினார், ஆனால் அதில் உட்காரவில்லை, பெட்டிமேல் உட்கார்ந்தார். குளிக்கச் சொன்னால் அப்புறம் ஆகட்டும் என்றார். கக்கூஸ் கதவுவரை போய், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். மதியம் சோறு வந்தபோது என் காதருகே குனிந்தார்.

“நம்ம வீட்டுக்கு எப்ப மாப்ள போறோம்? அங்க போயிக் குளிச்சிக்கலாம்னு இருக்கேன்.”

கீழ்க் கட்டிலில் இருந்த தஞ்சாவூர்க்காரர் காதில் அது விழுந்துவிட்டது. “இதாண்ணே அரண்மனை. ராஜா மேல் கட்டில்ல படுப்பாரு” என்றார். ரூமே சிரித்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு கக்கூஸ் வரிசையில் போய் நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அந்த வீட்டைப் பார்க்கணும் என்றார். கூட்டிப் போனேன். பவளக்கல் சுவரைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குள் காற்றை இறக்கும் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்தார். காற்று வரும் வழியை அடைத்து ஏசி வைத்திருந்தார்கள். கதவுத் தேக்கும் கூரைக் கழிகளும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை என்று பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

“மரமும் நம்ம ஊர்லேந்துதான் வந்திருக்கு. அதுக்கு மட்டும் நல்ல எடமாக் குடுத்திருக்கானுவ.”

மஜ்லிஸில் திண்டுகளுக்கு முன்னால் புதிதாகக் கயிறு கட்டியிருந்தது. காவலாளி அந்தப் பக்கம் நகரும்வரை காத்திருந்து, கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்து, எடு என்றார். எதற்கு மாமா என்றேன்.

“ஒங்கக்கா கேக்குமில்ல. ஒன்னயக் காட்டிக் குடுத்தா ஒங்கம்மா சோறு திங்காது.”

டிக்கெட் கிழிக்காமல் சொந்தக்காரனைக்கூட ஏற்றமாட்டார் என்று எங்கள் பக்கம் பேரெடுத்த மனிதர். அவரை அந்தப் பொய்யில் உட்கார வைத்துவிட்டு, முகத்தில் வெளிச்சம் விழவில்லை, கொஞ்சம் நகருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் நான். மூட்டைப்பூச்சியை நசுக்கிய விரலை மோந்தால் வரும் அருவருப்பு, அன்று என்மேலேயே வந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் மாமா ஊர் திரும்பி மறுபடி மினி பஸ் ஏறிவிட்டார். அந்தக் கேம்பை இடித்துவிட்டார்கள். எனக்கும் இப்போது ஜன்னல் வைத்த ரூம், இரண்டே பேர். விருந்தாளிகளை விட்டுவிட்டு வந்த அன்று ரூமைப் பெருக்கி, விரிப்பை இழுத்துவிட்டு ஒரு படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. குரலில் குத்தல் எதுவும் இல்லை, அன்பாகத்தான் கேட்டார்.

“நல்லாருக்கு மாப்ள. யாரு வீடு?”