கண்டியில் பட்ட அடி

அப்பாவின் நெஞ்சில் நான் குத்திய முதல் குத்து இன்னும் என் விரல் முட்டியில் இருக்கிறது. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் ஏற்றத்தில் நெஞ்சு வலித்து உர மூட்டையை இறக்கிவிட்டுச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தவர், "ஒங்கையில பலம் இருக்கு புள்ள, ஓங்கிக் குத்து" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இலங்கையின் கண்டியில் கலவரத்தின்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் அவரை இரும்புத் தடியால் மார்பில் அடித்திருந்தார்கள். தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு கப்பலேறி வந்த பிறகும் அந்த அடி உள்ளே ரத்தக்கட்டாகக் கிடக்கிறது, குத்தினால் கலையும் என்பது எங்கள் சனம் மொத்தமும் ஒப்புக்கொண்ட வைத்தியம். நின்று மூச்சு வாங்கியதால் அடங்கிய வலியை, குத்தியதால் அடங்கியது என்று நம்பினோம். மடத்தனம்தான்.

அம்மாவை அவர் அடிப்பதற்கும் அதே அடிதான் காரணம். சோற்றில் கல் கிடந்தால் விறகுக்கட்டை பறக்கும். நாங்கள் இங்கே வந்த மூன்றாம் வருட மழைக்காலத்தில் அப்படி ஓர் அடியில் அம்மாவின் மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடியது. அடித்து முடித்துச் சாவகாசமாகச் சொல்வார்: "நான் என்னா செய்ய? கண்டியில வாங்குன அடி என்னய ஆட்டிவைக்குது." அம்மா அழுத மறுநாள் நான் கொஞ்சம் கூடுதலாகவே ஓங்கிக் குத்துவேன். அதில் வைத்தியம் ஏதும் இல்லை.

ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வியர்த்துச் சரிந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தொடையிடுக்கை மரக்கவைத்து, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே இதயம் வரை ஏற்றி, சாயமருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். நான் குத்தித்தான் உள்ளே கிழித்துவிட்டேனோ என்று வெளியே பயந்துகொண்டிருந்தேன். பிறகு டாக்டர் எங்கள் மூவருக்கும் படத்தை ஓட்டிக் காட்டினார். சாயம் கிளைகிளையாகப் பரவி, ஓரிடத்தில் நூலாக இளைத்துப் போனது.

"இது அடிபட்ட கோளாறு இல்லீங்க. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில கொழுப்புப் படிஞ்சு அடைச்சிருக்குதுங்க. பீடிய உட்டரோணுங்க."

அப்பா படத்தையே வெறித்தார். "அப்ப இம்புட்டு நாளும் நான் எதுக்குக் குத்து வாங்குனேன்?"

அம்மா தன் கோணல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அதத்தான் நானும் கேக்குறேன்" என்றாள்.

அதன் பிறகு மாத்திரையோடு ஆறு வருடம் இருந்தார். கை ஓங்கியதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை.

போன மாதம் அம்மாவுக்கும் அதே பரிசோதனை. இப்போதெல்லாம் மணிக்கட்டு வழியாகவே குழாயை விடுகிறார்கள். கையைத் திருப்பிப் பார்த்த இளம் டாக்டர், "ஏனுங்கம்மா, இது எப்படிங்க இப்படிக் கோணிப்போச்சு?" என்று கேட்டார்.

"கண்டியில அடிச்சுப்புட்டாங்க ஐயா" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

என் கை தானாக இறுகியது. குத்துவதற்கு அந்த நெஞ்சுதான் இல்லை.