கண்ணூறு கழித்த கார்

வாழைச்சேனையில் வாகனம் கழுவும் இடம் ஒன்றைப் பதினொரு வருஷம் நடத்தினேன். உழவு மெஷின், நெல் லொறி, ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்கு ஓடும் பஸ், ஆட்டோ என்று சேறு பிடிக்கிற எதையும் விட்டுவைத்ததில்லை. பெயர்ப் பலகையில் ‘சகல விதமான வாகனங்களும்’ என்று பெரிய எழுத்தில் எழுதுவித்திருந்தேன். உலகத்தில் எத்தனை விதம் இருக்கிறது என்று அப்போது யாரிடமும் விசாரித்துப் பார்க்கவில்லை.

சண்டை முடிந்து இரண்டாம் வருஷம். பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. கச்சான் காற்று கண்ணில் மண் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில், பழுத்த மிளகாய் நிறத்தில் ஒரு கார் வந்து வாசலில் நின்றது. துணியால் ஆன கூரை. இரண்டே இருக்கை. உயரம் என் இடுப்புக்கும் கீழே. இதன் மிச்சப் பாதி பின்னால் வேறாக வருகிறதோ என்று நான் தெருவை எட்டிப் பார்த்தது உண்மை.

கதவைத் திறந்து ஒரு மனிதர் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட எழும்பினார் என்பது பொருத்தம். வெள்ளைச் சட்டை, முப்பத்தைந்து வயது மதிக்கலாம். கொழும்பில் ஒரு முதலாளியிடம் டிரைவர்.

“அண்ணன், உள்ளும் புறமும் கழுவ வேணும். சேர் பின்னேரம் அஞ்சு மணிக்கு ஆக்களோட வேற வாகனத்தில ஹோட்டலுக்கு வாறார். வந்ததும் இதிலதான் ஏறிச் சுத்துவார்.”

“அதுக்கென்ன தம்பி. அரை மணித்தியாலம்.”

“அரை மணித்தியாலத்தில செய்யிற வேலை இல்ல அண்ணன் இது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எனக்கு முந்தி இருந்தவர் ஒரு கீறலுக்குத்தான் வீட்ட போனவர்.”

வத்தளையில் ஒற்றை அறை வாடகைக்கு, மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய பிறகும் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதற்குத்தான் இந்தக் கதை.

முதலில் மேடை. வாகனத்தின் அடிப்பக்கம் கழுவுவதற்கு நான் கட்டியிருந்த சீமெந்து மேடை உழவு மெஷினுக்கு அளவெடுத்தது. இந்தக் கார் அதில் ஏறினால் மூக்கு உடையும். ஆகவே நெல்லுச் சாக்கு ஒன்றை விரித்து நானே அடியில் படுத்தேன். தலை உள்ளே போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. டிரைவர் குனிந்து பார்த்தார்.

“அண்ணன், காரை ஜாக்கி போட்டு உயர்த்தவா?”

“வயித்த இறக்கிறத விட அது சுகம்” என்றேன்.

கழுவி முடிந்ததும் அடியில் டீசல் விசிறுவது எங்கள் வழக்கம். நல்லாய் மினுங்கும். விசிறும் பம்பைக் கையில் எடுத்ததும் அவர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கத்தியோடு வந்தவனைப் பிடிப்பதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் சொல்ல நான் செய்தேன். எனக்கு இதெல்லாம் முன்னமே தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே செய்தேன். ஷம்பூவுக்கு ஒரு வாளி, பஞ்சை அலச வேறு வாளி. சில்லுக்குத் தனித் தூரிகை. மேலிருந்து கீழே, வட்டமாகத் தேய்க்காமல் நேராக. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் கடைசி அலசலுக்கு வீட்டிலிருந்து குடிதண்ணீர் எடுப்பித்தேன். உள்ளே, ஏசிக் காற்று வரும் இடுக்குகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். என் காதுகளுக்கு அந்த மரியாதை இன்றுவரை கிடைத்ததில்லை. பால் நிறத் தோல் இருக்கைகளுக்கு ஒரு களிம்பு, அதைப் பூச ஒரு துணி, பூசியதைத் துடைக்க இன்னொரு துணி. பிறகு மெழுகு பூசி மினுக்கினோம். பன்னிரண்டு மணிக்குக் கூரையை மடித்துவிட்டுப் பார்த்தபோது கதவில் என் முகம் தெரிந்தது. நான் எதிர்பார்த்ததைவிட வயதான முகம்.

டிரைவர் சந்தோஷமாகச் சோறு தின்னப் போனார்.

நான் தனியே காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியொரு வடிவான சாமானை அப்படியே தெருவில் விட்டால் எத்தனை கண் படும் என்று நெஞ்சு அடித்தது. எங்கள் பக்கத்தில் விதைப்புக்கு முன் உழவு மெஷின் கழுவினால், முடிவில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கண்ணூறு கழிப்போம். நான் அதற்குத் தனியாகக் கேட்பதில்லை, அன்பாகச் செய்வது. இந்தக் காருக்கும் அன்பாகச் செய்தேன். செம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலைக் கொத்தைத் தோய்த்து, மூன்று தரம் சுற்றி வந்து வீசித் தெளித்தேன். கூரை மடித்திருந்தது அப்போது என் புத்தியில் இல்லை. உழவு மெஷினுக்கு ஏது கூரை.

மூன்றாவது சுற்றில்தான் இருக்கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் அம்மை போட்டமாதிரி மஞ்சள் புள்ளிகள்.

பதறிப்போய்ச் சவர்க்காரத்தை எடுத்துத் தேய்த்தேன். புள்ளிகள் சிவந்தன. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இன்னும் சிவந்தன. டிரைவர் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தபோது, உள்ளே யாரையோ வெட்டிவிட்டு நான் துடைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்திருக்கும்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஓரமாகக் கிடந்த பழைய டயர் ஒன்றின் மேல் குந்தி, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணன் இது.”

“கண்ணூறு கழிச்சன் தம்பி.”

“என்ட வேலையையும் சேத்துக் கழிச்சிட்டீங்க.”

என் மனைவிக்குப் போன் எடுத்தேன். வேறு எந்த மெக்கானிக்கையும் எனக்குத் தெரியாது.

“சோப்புப் போட்டீங்களா?” என்றாள்.

“ஓம்.”

“மூளை இருக்கிற ஆள் மஞ்சளில சோப்புப் போடுவானா? இத்தின வருசமா என்ட சீலையப் பாத்தும் தெரியாதா உங்களுக்கு? தேசிக்காய்ப்புளி தொட்டுத் துடைங்க, செவப்புப் போகும். மறுகா வெயிலில வைங்க. மஞ்சள் வெயிலுக்கு மட்டுந்தான் பயப்படும். உங்களமாதிரி ஆக்களுக்கில்ல.”

தேசிக்காயைப் பிழிந்து துடைத்ததும் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பியது. மிச்சம் வெயில். என் இடத்திலோ மூன்று வாகை மரம், மரம் நிறையக் காகம். வாசலில் தெருவைக் கிண்டித் தார் ஊற்றிக் காப்பற் போடுகிறார்கள், புழுதி புகைபோல எழும்புகிறது. நிழலும் புழுதியும் எச்சமும் இல்லாத வெட்டவெளி எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்க, டிரைவர் எழும்பினார்.

“நம்மட வளவுக்குப் போவம்.”

“எங்க?”

“கல்குடா.”

அவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தும் பிடிபடவில்லை. என் வாய்தான் ஓய்ந்திருக்கவில்லையே.

இருக்கையில் படாமல் துவாய் ஒன்றை விரித்து அவர் ஓட்டினார். நான் வாளி, தூரிகைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

வளவில் வீடு இருக்கவில்லை. தரை மட்டும் இருந்தது. சுனாமி சுவர்களை அடியோடு எடுத்துவிட்டு, சிவப்புச் சீமெந்துத் தரையையும் கிணற்றையும் விட்டுப் போயிருந்தது. தரையில் கடல் மணலும் ஆட்டுப் புழுக்கையும். முன்னே நூறு மீற்றர் தூரத்தில் கடல் எதுவும் தெரியாததுபோல இருந்தது.

அவர் காரை மெதுவாகத் தரையில் ஏற்றி, கூரையை மடித்து, சூரியனுக்கு நேரே நிறுத்தினார்.

“ஹோலுக்க நிக்குது” என்றார். “அதில குசினி. இதில நானும் தம்பியும் படுக்கிற.”

நான் சும்மா இருந்தேன். எனக்கு அது லேசான காரியமில்லை.

“அண்டைக்கு நான் பொலன்னறுவைக்கு லோட் கொண்டுபோனன் அண்ணன். வந்து பாக்கக்குள்ள இவ்வளவுதான். அம்மாவைக் கிடைச்சிது. தம்பியைக் கிடைக்கல்ல. மறுகா இஞ்சால வரவே இல்ல. இண்டைக்கும் இந்தப் பக்கம் பாக்காமப் போகத்தான் நினைச்சன்.”

காற்று கொஞ்சம் கிளம்ப, தரை மணல் நகர்ந்தது. இருக்கையில் விழுந்தால் இன்னொரு வேலை. அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளி, காரைச் சுற்றித் தரையில் ஊற்றினார். ஊற்றிய இடத்தில் சிவப்பு தெரிந்தது. சில்லுத் தூரிகையை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தேய்த்தார்.

“அம்மா செருப்போட ஹோலுக்க வர உடமாட்டா.”

நானும் கழற்றினேன்.

“கார் ஏறி நிக்குதே” என்றேன், என் வாய்க்கு அதற்குமேல் பொறுமையில்லை.

“டயர் கழுவினதுதானே அண்ணன்” என்றார். சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

மூன்று மணித்தியாலம் அந்த வெயிலில் இரண்டு பேரும் ஒரு வீட்டைக் கழுவினோம். மேலிருந்து கீழே கழுவ மேல் இருக்கவில்லை, ஆகவே குசினியில் தொடங்கி வாசற்படிவரை போனோம். என் முதுகு காந்தியது. இடைக்கிடை போய் இருக்கைகளைப் பார்த்தோம். இரண்டு மணிக்குப் புள்ளிகள் வெளிறின. மூன்றரைக்கு, எங்கே இருந்தன என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். நாலு மணிக்கு எனக்கே தெரியவில்லை. என் கண்ணை நம்பாமல் அவர் தானும் தேடினார். ஒரே ஒரு புள்ளி, பெல்ட்டின் கொளுவி மறைக்கிற இடத்தில், உளுந்தளவு. அதன்மேல் கொளுவியைத் தள்ளிவிட்டார். களிம்பை மறுபடி பூசித் துடைத்து, காரைத் தரையிலிருந்து இறக்கினார்.

நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு மணி அடித்தது.

“அண்ணன், சேர் சுத்திச் சுத்திப் பாத்தார். விரலால தடவிப் பாத்தார். நல்லாச் செஞ்சிருக்காம்.”

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா ஏறி இருந்த உடன துள்ளி எழும்பிட்டார். சீற் சுடுதாம். எங்க நிப்பாட்டின எண்டு கேட்டார். என்ட வீட்டில எண்டு வாயில வந்திட்டு.”

“மறுகா?”

“உனக்கு இஞ்ச வீடு இருக்கெண்டு ஏன் சொல்லல்ல எண்டு ஏசினார். நல்ல மனுசன்தான். இஞ்ச டிரைவர்மாருக்கு அறை இன்னும் கட்டி முடியல்ல, நீ உன்ட வீட்ட போய்ப் படு, காலையில வா எண்டிட்டார்.”

கழுவிய அந்த வெறும் தரை என் கண்முன் வந்தது.

“தம்பி, நம்மட வீட்ட வாங்க. சோறு இருக்கு.”

“இல்ல அண்ணன்.” கடல் சத்தம் போனில் கேட்டது. அவர் ஏற்கெனவே அந்த வளவுக்குப் போய்விட்டார். “பாய் ஒண்டு மட்டும் கொண்டுவந்து தருவீங்களா?”

மனைவியிடம் சொன்னேன். அவள் பாயை எடுத்தாள், தலையணை வைத்தாள், சோற்றுப் பார்சல் கட்டினாள். நுளம்பு கடிக்குமே என்று வலை ஒன்றை நானே புத்திசாலித்தனமாக எடுத்துச் சுருட்டிக் கொண்டேன். கல்குடாச் சந்தி தாண்டும்போதுதான், வலையைக் கட்ட அந்தத் தரையில் ஒரு ஆணிகூட இல்லை என்பது எனக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தி, வேலியோரம் கிடந்த நாலு கம்புகளைப் பொறுக்கிப் பாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.