ராசா காணாத ஷிப்ட்

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்த ஹொங்கொங் அக்காதான் அந்தக் கன்டனீஸ் சொற்றொடரைச் சொல்லித்தந்தார். நடுவில் மலை, ராசா எங்கேயோ தொலைவில், அதனால் இங்கே நடப்பது அவருக்குத் தெரியவராது என்பது கருத்து. எங்கள் தலைமை அலுவலகமோ வடக்கே வேறொரு நகரத்தில். அங்கிருந்து ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

புதுச் சொல் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பாவித்துப் பார்க்கிற ஆள் நான். தேநீர் இடைவேளை நீண்டால் அதைச் சொல்வேன். "உன் உச்சரிப்பைக் கேட்டால் ராசா இன்னும் தூரம் போய்விடுவார்" என்பார் அக்கா. ஈஸ்ட் ஹாமில் என்னோடு அறையில் இருக்கிற அண்ணையிடமும் சொன்னேன். "இஞ்ச இருக்கிற ராசாக்கள் போதாதெண்டு சீனாவில இருந்தும் ஒராளோ?" என்றார்.

நாங்கள் இருவரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டதும் அந்தத் துணிவில்தான். கம்பியூட்டர் வழியாகத் தலைமை அலுவலகத்திடம் லீவு கேட்டால் பதில் வரவே வராது. ஆகவே கோயில் திருவிழா நாட்களில் அக்கா எனக்காக வருவார். சீனப் புத்தாண்டுக்கு அவருக்காக நான். எங்கள் இல்ல மனேஜர் சரியென்று தலையாட்டுவார். பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஷிப்ட் தாளில் பெயரை வெட்டி மாற்றி எழுதுவோம். திங்கட்கிழமைகளில் பழைய தாளைக் கிழித்தெறிவது என் பொறுப்பு. ஒருநாளும் தவறவிடவில்லை.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்தது. அனுமதியின்றி நான் வராத நாட்கள் வரிசையாக. அக்காவுக்காக நான் உழைத்த நாட்களும் அவர் வராத நாட்களாக அவர் பெயரில் கிடந்தன. அவருக்கும் எச்சரிக்கை வந்தது, ஆனால் அவர் விசா கம்பனியை நம்பி இல்லை. என்னுடையது கம்பனியை நம்பித்தான். என் விசாவுக்கான ஸ்பொன்சரை நிறுத்துகிறோம் என்றார்கள்.

மனேஜரிடம் ஓடினேன். "எனக்கு ஞாபகமில்லை" என்றார், கணினியைப் பார்த்தபடி. தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா பக்கத்தில் நின்றார். இந்த முறை அந்தச் சொற்றொடரை அவரே மெல்லச் சொன்னார். நான் திருப்பிச் சொல்லவில்லை.

பிழை தன்னுடையது என்று அக்கா தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதிவில் உள்ளதே சரி என்று ஒரு வரிப் பதில்.

இரண்டு வேறு இல்லங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டுமே பழைய தலைமை அலுவலகத்தின் வேலைச் சான்றுக் கடிதத்தைக் கேட்கின்றன. கேட்டு எழுதினேன். ஈமெயில் கிடைத்தது என்று தானாக வருகிற பதில் உடனே வந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. அண்ணை என் கட்டிலுக்கு வேறு ஆள் தேட வேண்டுமோ என்று இன்னும் கேட்கவில்லை.