ஐந்து நிமிஷ ஜெயவேலு

கூடுவாஞ்சேரி ஜெயவேலுவுக்குப் பொய் பேசத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அப்பா விட்டுப்போன வயலை மனைகளாகப் பிரித்து விற்க ஆரம்பித்த நாளிலிருந்து, அவர் வாயில் எந்த இடமும் ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிஷம்தான். அது தொழில் தர்மமாம்!

கடைசியாக ஒரு மூலை மனை மட்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஆடி பிறப்பதற்குள் அது விலைபோகாவிட்டால் அங்கேயே வீடு கட்டிக் குடிபோய்விடலாம் என்று மனைவி கங்கையம்மாள் சொல்லிவிட்டாள். மனுஷர் அவசர அவசரமாக ஆள் தேட ஆரம்பித்தார். அந்தப் பொட்டல்காட்டில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது.

அந்த நேரத்தில்தான் அஸ்தினாபுரத்திலிருந்து மாளவிகா வந்தாள். வானியல் ஆராய்ச்சி செய்பவள். மனையைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாள்.

"பக்கத்து கேலக்ஸியெல்லாம் எவ்வளவு தூரம்னு அளக்கறதுதான் சார் என் வேலை."

"போய்ப் பாக்காமலா?"

"ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு சுத்தும். ஒண்ணு குறுக்கே வந்தா வெளிச்சம் குறையும். எவ்வளவு நேரம் மறைக்குது, எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பார்த்தா சைஸ் தெரியும். சைஸும் நிறமும் தெரிஞ்சா நிஜமான வெளிச்சம் தெரிஞ்சுடும். நமக்கு எவ்வளவு மங்கலா தெரியுதோ, அதை வச்சு தூரத்தைக் கணக்குப் போட்டுடலாம். வீட்டு மாடியிலயும் டெலஸ்கோப் வச்சு அந்த மாதிரி நட்சத்திரங்களைப் பார்க்கணும். அதுக்குத்தான் ஒதுக்குப்புறமா, நல்ல இருட்டா ஒரு இடம் தேடறேன்."

இத்தனையும் கேட்டுவிட்டு ஜெயவேலு பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்.

"கவலயே வேணாம் மேடம். ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம். அடுத்த மாசம் ஹைமாஸ் லைட்டு போடறாங்க. எதிர்லயே மால் வருது. ராத்திரிகூட பகலாட்டம் இருக்கும்."

மாளவிகா காரை நோக்கித் திரும்பினாள். அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. அட பாவி மனுஷா, நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்! பின்னாலேயே ஓடினார். உண்மை பேசிப் பழக்கமில்லாத நாக்கால் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மேடம்... லைட்டும் இல்ல, மாலும் இல்ல. ஸ்டேஷன் ஒம்போது கிலோமீட்டரு. ஆட்டோக்காரன் வரமாட்டான். பொழுது சாஞ்சா நாயி தொரத்தும்."

மாளவிகாவின் முகம் மலர்ந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்று அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தாள்.

ஜெயவேலு தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போன் அடித்தது. கங்கையம்மாள்.

"எங்க கீற?"

"லேஅவுட்லதான். வூட்டுக்கு வர முக்கா மணி நேரம் ஆவும்."

எங்கிருந்தாலும் 'அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்' என்கிற மனுஷர் அவர். மறுமுனையிலிருந்து அழுகிற குரல் வந்தது.

"இன்னாய்யா ஆச்சு ஒனக்கு? எந்த ஆஸ்பத்திரில கீற?"