உடையார்பாளையத்தில் இறங்கிவிட்டவர்

அரியலூரில் நாங்கள் பதினெட்டு மாதம் இருந்தோம். என் கணவர் ஈப்போவில் வேலை பார்த்த நிறுவனம் சிமெண்ட் ஆலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுப்பது. ரெட்டிபாளையம் பக்கத்து ஆலை ஒன்றில் புது அரவை இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஆட்களைப் பழக்கிவிட்டு வரும்படி அவரை அனுப்பினார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான நான் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு கிளம்பினேன்.

மலேசியாவில் எங்களை வழியனுப்பிய யாருக்கும் நாங்கள் வெளிநாடு போகிறோம் என்ற நினைப்பே இல்லை. "தமிழ்நாடுதானே, நம்ம பாஷைதானே" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். வந்து இறங்கிய வாரத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது.

எங்கள் ஊரில் கடையிலிருந்து கட்டி எடுத்துப் போகும் சாப்பாட்டை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருமே 'தப்பாவ்' என்போம். அரியலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் என் கணவர் போய், "நாலு இட்லி, ரெண்டு தோசை, தப்பாவ்" என்றார்.

கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்தார். "என்னங்க தப்பா? காலைல அரைச்ச மாவுங்க. ஒரு தப்பும் இல்ல."

நானாக இருந்தால் அப்போதே வெளியே நடந்திருப்பேன். தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டு நாலு பேர் திரும்பிப் பார்ப்பதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடையாது. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தப்பாவ் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது, எங்கள் ஊரில் ரொட்டியை எப்படிக் கட்டித் தருவார்கள் என்று எல்லாம் விளக்கினார். கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு எங்களைக் கண்டாலே, "இன்னைக்குத் தப்பா கட்டணுமா சார், சரியா கட்டணுமா?" என்று கேட்பார். அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த முதல் நட்பு அதுதான். என் கணவர் போகிற இடமெல்லாம் இப்படித்தான். தவறு செய்வார், அதைத் தானே எடுத்துச் சொல்வார், போகும்போது ஒரு ஆளைச் சம்பாதித்துக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு அது கைவரவே இல்லை.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஆலையில் கார் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றார் அவர். கூட்டத்தில் விழுந்துவிடும் என்று இரண்டு பேர் கைபேசியையும் வாங்கி என் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

பஸ் உடையார்பாளையத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே, டீக்கடை ஓரமாக ஒரு பெண் கூடை நிறைய முந்திரிப் பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மஞ்சளும் சிவப்புமாக, வெயிலில் மெழுகு பூசியதுபோல் மின்னின.

"இரு, ரெண்டு பழம் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தார்.

"பஸ் போயிடுமே."

"டிரைவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

சொல்லவும் செய்தார். டிரைவர் தலையை ஆட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "டிரைவர், நான் இங்க எறங்குறேன், சரியா?" என்பதுதான் அவர் சொன்னது. சரி, இறங்க வேண்டிய இடம் போலிருக்கிறது என்று டிரைவர் தலையாட்டியிருக்கிறார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. என் கணவர் கையில் பழத்தோடு நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. நான் கத்தியிருக்க வேண்டும். வாய் திறக்கவில்லை. முன் சீட்டு, பின் சீட்டு, எதிர் சீட்டு எல்லாம் ஆட்கள். ஊர் எல்லை தாண்டி, இருபக்கமும் முந்திரித் தோப்பு வந்த பிறகுதான் எனக்குக் குரல் எழும்பியது.

"ஐயா... என் கணவர் பின்னாடியே நின்னுட்டாரு."

கண்டக்டர் ஐம்பது வயதுக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? எங்க போயிடப் போறாரு, அடுத்த பஸ்ஸு வந்துரும். போன் போட்டுச் சொல்லுங்க."

"போன் என்கிட்ட இருக்கு."

"அத எடுத்துப் போடுங்க."

"அவரு போனும் என்கிட்டதான் இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைக் கண்டதும் கண்டக்டர் சிரிப்பை விட்டுவிட்டுத் தன் போனை எடுத்தார். உடையார்பாளையம் டீக்கடைக்காரர் எண் அவரிடம் இருந்தது. "அண்ணே, நம்ம பஸ்ஸுலேருந்து ஒருத்தரு எறங்கிட்டாரு. கோடுபோட்ட சட்டை, கண்ணாடி போட்டிருப்பாரு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. அவரு முந்திரிக்கொட்டைய வாய்ல போட்டுக் கடிச்சுட்டாராம்."

பழத்தின் நுனியில் தொங்கும் கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருக்கிறது என்பது அந்த பஸ்ஸில் இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் முந்திரியைக் கடையில் பொட்டலமாகப் பார்த்தவர்கள். சத்தம் கேட்டுப் பின் சீட்டுப் பெண்கள் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"தேங்காண்ண தடவச் சொல்லுங்க."

"மோரு குடுக்கச் சொல்லு, மோரு."

"கொட்டையக் கடிக்கிறாரே, நீங்க எந்த ஊரும்மா?"

"மலேசியா" என்றேன்.

 ஒரு பெண் நிஜமான வருத்தத்தோடு சொன்னாள்: "ஐயோ பாவம், அங்கேருந்து வந்தா கடிச்சாரு?"

ஜெயங்கொண்டத்தில் என்னை இறக்கிவிட்ட கண்டக்டர், "இந்தக் கடை வாசல்லயே நில்லுங்க, அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். நின்றேன், ஐந்து நிமிடம். அதற்குமேல் முடியவில்லை. உதடு வெந்துபோய் அவர் தனியாக எங்கே கிடக்கிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உடையார்பாளையத்துக்கே திரும்பிவிட்டேன்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, உங்களத் தேடித்தானே அந்தப் பழக்காரப் பொண்ணு அவர மொபெட்டுல ஏத்திக்கிட்டு ஜெயங்கொண்டம் போயிருக்கு!"

கண்டக்டருக்கு மறுபடி போன் போனது. ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. "யாராச்சும் ஒருத்தராவது ஒரு எடத்துல நில்லுங்கம்மா! உங்க ரெண்டு பேரையும் தேடவே தனியா பஸ்ஸு விடணும் போலருக்கு. இருங்க, ஜெயங்கொண்டத்துக் கடையில சொல்லி அவரத் திருப்பி அனுப்பச் சொல்றேன்."

டீக்கடை பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் பழக்கூடை என் காலடியில் இருந்தது. யாராவது வந்து கேட்டால், "அக்கா வந்துரும், இருங்க" என்று டீக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். வியாபாரம் நடக்கிற காலை நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்காகக் கூடையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்பது அந்த பெஞ்சில் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மொபெட் வந்து நின்றது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய நாற்பது வயதுப் பெண் ஓட்டிவந்தாள். பின்னால் என் கணவர். மேலுதடும் கீழுதடும் வீங்கி, எண்ணெயில் பளபளத்தன. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பாதிதான் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஒன்னுல்ல... ஒன்னுல்ல" என்றார்.

"ஒன்னுமில்லையாம்!" என்றாள் அந்தப் பெண். "ஜெயங்கொண்டத்துல டாக்டர்கிட்ட காட்டிட்டேன்க்கா. மருந்து போட்டு மாத்திரையும் குடுத்திருக்காரு. நாலஞ்சு நாளு தோலு உரியும், பயமில்லன்னாரு. நான் எப்பவும் கொட்டையத் திருகி எடுத்துட்டுத்தான் பழம் குடுப்பேன். இவரு, கொட்டையோட ஒன்னு குடுங்க, என் வூட்டம்மாகிட்ட காட்டணும்னு கேட்டாரு. குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள கடிச்சுட்டாரு. முந்திரிக்கொட்டைன்னு ஆளச் சொல்லுவாங்க, இவரு அத நெசமாவே வாயில வச்சுட்டாரு. இருந்தாலும் குடுத்தது என் தப்புதான்."

அவள் எங்களை விடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்று வீட்டுக்கு அழைத்துப் போனாள். தோப்பை ஒட்டி இரண்டு அறை ஓட்டு வீடு. மோரில் சோற்றைக் குழைத்து, ஸ்பூன் போட்டு அவருக்குக் கொடுத்தாள். அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் கருத்து, தடித்து, அங்கங்கே பழைய தழும்பாக இருந்தன. கேட்டேன். கொட்டை சுட்டு உடைக்கிற கை அது என்றாள். கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உடைப்பாளாம், அப்படியும் சில நாள் எண்ணெய் பட்டுவிடுமாம். தோப்பு, இரண்டு மாடு, பள்ளிக்கூடம் போகும் மகள், கட்டிலில் படுத்திருக்கும் மாமியார் எல்லாவற்றையும் அந்தக் கைதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரரு?" என்றேன்.

"உங்க ஊர்லதான் இருக்காரு" என்றாள். "ஜொகூருல. கட்டடம் கட்டுற எடத்துல. மூனு வருசம் ஆவுது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "ஏங்க்கா, அங்க நம்மாளுங்க இந்த மாதிரி வழி தெரியாம நின்னா யாராச்சும் பாப்பாங்களா?"

ஈப்போ பஸ் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு பலகையில் மலாயில் எழுதிய ஊர்ப்பெயரைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். என் தமிழ்தான் அவர்கள் தமிழும். ஒருநாள்கூட நான் போய்க் கேட்டதில்லை. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். 

"பாப்பாங்க" என்றார் என் கணவர், வீங்கிய உதட்டோடு. அவர் பார்ப்பார். அவருக்கு அது பொய்யில்லை.

மறுநாள் ஆலையில் யாரும் கேட்பதற்கு முன் அவரே எல்லாரையும் கூப்பிட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்துக்கு அவருக்கு 'முந்திரி சார்' என்று பெயர். உதட்டுத் தோல் உரிந்து புதுத் தோல் வந்ததும், அடுத்தடுத்த ஞாயிறுகளில் உடையார்பாளையம் போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் பழம் பொறுக்க உதவுகிறேன் என்று கிளம்புவார். அந்தப் பெண்ணின் மகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். என் கணவர் பொறுக்கிய வேகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "நீங்க உக்காருங்கண்ணே, அதுவே பெரிய ஒதவி" என்பாள்.

கோயிலுக்கும் கடைசியில் போனோம், அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு. பத்து மைலுக்குள் இருந்தும் அவள் கல்யாணமான வருஷத்துக்குப் பிறகு போகவில்லையாம். என் கணவர் புல்தரையில் நின்று கழுத்து வலிக்க விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர், என்ன கயிறு, உச்சிக்கு அவ்வளவு கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று தனக்குள் முணுமுணுத்தார். அவள் முதலில் நந்தியைச் சுற்றி வந்தாள். பிறகு நிழலில் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்து ஒரு மணி நேரம் அசந்து தூங்கினாள். மகள் எழுப்பப் போனபோது நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் படுத்து அன்றுதான் பார்த்தேன்.

ஊர் திரும்பிய மறுமாதம் நாங்கள் ஜொகூர் போனோம். அவள் கட்டிக் கொடுத்திருந்த இரண்டு பொட்டலங்களை எடுத்துக்கொண்டோம். அவள் எழுதிக் கொடுத்த முகவரியில் இருந்த தெருப் பெயரில் அங்கே மூன்று தெருக்கள் இருந்தன. என் கணவர் கார் கண்ணாடியை இறக்குவதற்குள் நான் இறங்கிவிட்டேன். மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர் சாலையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். "தம்பி, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டேன். எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்டது.

அவர்களே கூட்டிப் போனார்கள். ஒரு தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு இருந்தார் அவள் கணவர். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. எங்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானே சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்தார். சாப்பிடும்போது தோப்பில் எத்தனை மரம் காய்த்தது, போர் மோட்டார் ஓடுகிறதா, அம்மா எழுந்து உட்காருகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னோம்.

"புள்ள?" என்றார் கடைசியாக.

"என் தோள் வரைக்கும் வளந்துட்டா" என்று எழுந்து நின்று கையை வைத்துக் காட்டினேன். அவர் சோற்றுக் கையோடு அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கணவரின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார்.