மீட்டர் முந்திக்கொண்ட வாரம்

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்னக் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. அங்கே தயாரான பவர் சப்ளை போர்டுகளைக் கம்ப்யூட்டரே சோதிக்கும்படி நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும்; கூடவே, அளக்கச் சொல்லி மீட்டருக்கு ஒரு ட்ரிகர் அனுப்பும். அளவு சரியென்றால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய மீட்டரை மாற்றிப் புதிது வாங்கினோம். அந்த வாரமே ஒரு மேஜையிலிருந்து வந்த போர்டுகள் வரிசையாகச் சிவப்பு காட்டின. அந்த மேஜையில் சால்டரிங் செய்தவர் கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையிலிருந்து நடந்து வருகிற பெண். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

ஒரு போர்டையும் கை மீட்டரையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நானே வெச்சுப் பாத்தேன் மேடம், கரீட்டா பன்னெண்டு வோல்ட் காட்டுது. மிசின்லதான் இன்னாவோ கீது."

"கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சிவப்பு காட்டிய போர்டுகளின் பட்டியலை மேனேஜர் கேட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அந்த நாற்காலிக்கு வேறொரு பெண் வந்தாள். அவள் செய்த போர்டுகளும் சிவப்பு. அப்போதுதான் வோல்டேஜ் ஏறுவதைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை மாட்டிப் பார்த்தேன். அந்த மேஜையில் செய்யும் போர்டில் மட்டும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டன்சர். வோல்டேஜ் ஏறி நிலைக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பழைய மீட்டர் மந்தமானது, ட்ரிகர் வந்தும் தாமதித்துத்தான் அளக்கும். புதியது சொன்ன மாத்திரத்தில் அளந்துவிட்டது. காத்திருந்து ட்ரிகர் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். ஒதுக்கி வைத்த போர்டுகளை மறுபடி மாட்டினேன். எல்லாமே பச்சை.

மேனேஜரிடம் சொன்னேன். சரிசெய்தாயிற்றல்லவா, வெளியே பேச வேண்டாம், இதுவரை எப்படிச் சோதித்தீர்கள் என்று கஸ்டமர் கேட்பான் என்றார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடலாமா என்றேன். ஆள் போட்டாயிற்று என்று சொல்லி ஃபைலைத் திறந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு கோட்டூர்புரம் போனேன். தண்ணி லாரிக்காகக் குடங்களோடு நின்றிருந்தார். தப்பு என்னுடையது என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கே சொன்னேன், நீ சிரிச்சே," என்றார். 'மேடம்' என்ற அழைப்பு போய்விட்டது. "இத்த அங்க எல்லார் முன்னாலயும் சொல்லுவியா?"

வரிசை நகர்ந்தது. அவர் குடத்தைக் காலால் தள்ளிக்கொண்டு முன்னே போனார். நான் பஸ் பிடித்து மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில், ரிஜெக்ட் வெகுவாகக் குறைந்ததற்கு நான்தான் காரணம் என்று மேனேஜர் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து, "தேங்க்ஸ் சார்" என்றேன்.